பங்கு போட்ட மருந்து

மருந்துக்கடையில் ஏழு வருடம் நின்றவன் நான். டொக்டர்மாரின் கோழிக் கிறுக்கலைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பேன். அப்படிப்பட்ட நான் என் உடம்புக்கு ஒரு வருத்தம் வந்தபோது, கடைக்கு வரும் சனங்கள் செய்யும் அதே பிழையைச் செய்தேன். வேறு யாரும் அதைச் செய்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். பயப்படுவதில் நான் மகா கெட்டிக்காரன். இந்தக் கதையில் அதற்கு நிறைய இடம் இருக்கிறது.

கடை திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகப் பக்கம் போகும் தெருவில் இருந்தது. யுத்த காலம். கிருமி கொல்லும் குளிசைகளில் ஓர் அட்டை குறைந்தாலும் யாருக்குப் போனது, எந்தப் பக்கம் போனது என்று கேள்வி வரும். நாளைக்கு வீதி திறக்குமா, மருந்து வருமா என்று தெரியாததால் முதலாளியும் அளந்துதான் விற்பார். சனங்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். “மூண்டு நாளைக்குத் தாங்கோ தம்பி, மாறாட்டில் பிறகு வாறன்” என்பார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை நடுவால் வெட்டிக் கொடுப்பேன். பத்துக் குளிசை அட்டை ஐந்தும் ஐந்துமாக இரண்டு வீட்டுக்குப் போகும். காய்ச்சல் விட்டதும் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். அது பிழை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு நாளைக்கு இருபது தடவை வெட்டினேன்.

நித்திரைக் குளிசை மட்டும் வேறு மாதிரி. அது ஆயிரம் ஆயிரமாகத் தகர டின்னில் உதிரியாக வரும். அதில் நாலு குறைந்தால் கடவுளுக்கும் தெரியாது. ஷெல் சத்தத்துக்கு என்று முதலில் அரைக் குளிசை போட்டேன். அது ஒன்றாகி, பிறகு இரண்டானது. ஷெல் ஓய்ந்த மாதங்களிலும் நான் ஓயவில்லை.

அதற்குக் காரணம் நசீர். நசீர் கிண்ணியாவில் இருந்தவன், என் வயதுக்காரன், இருபத்தேழு. தன் வாப்பாவின் பிரஷர் மருந்து வாங்க மாதம் ஒரு முறை கடைக்கு வருவான். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை ஒன்று இருந்தது. அதைத்தான் ‘பாதை’ என்போம். மாதம் ஒரு முறை வந்தவன் பிறகு கிழமைக்கு ஒரு முறை வந்தான். வாப்பாவின் பிரஷர் அவ்வளவு கூடிவிட்டதா என்று முதலாளி பகிடி பண்ணினார். நானும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். இதைச் சுற்றி வளைத்து நாலு விதமாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. ஆணும் ஆணும்தான். விருப்பம்தான்.

உப்புவெளியில் வெளிநாடு போன ஒரு சிநேகிதனின் பூட்டிய வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது. ஞாயிறு மத்தியானங்களில் அங்கே சந்தித்தோம். அந்த வீட்டுக்குள் எனக்குச் சந்தோஷம் எவ்வளவோ அவ்வளவு பயமும் இருந்தது. வெளியில் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பேன். சட்டம் எங்களைக் குற்றவாளி என்றது. ஆமி சுற்றி வளைத்துக் கதவைத் தட்டினால், ஒரு தமிழனும் ஒரு முஸ்லிமும் பூட்டிய வீட்டுக்குள் என்ன திட்டம் போடுகிறார்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னாலும் அடி, பொய்யைச் சொன்னாலும் அடி. ஆகவே உள்ளே போனதும் ஆளுக்கு இரண்டு நித்திரைக் குளிசை விழுங்குவோம். அரை மணித்தியாலத்தில் பயம் கரைந்துவிடும். பயத்தோடு புத்தியும் போய்விடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கடையில் என் முழங்கைக்குப் பக்கத்து மேசை லாச்சியில்தான் ஆணுறை இருந்தது. பத்திரிகைத் தாளில் சுற்றி எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! எனக்கென்று ஒன்றை எடுத்துப் போகத் தோன்றவில்லை.

இருவரும் இடையிடையே ஒரு மாதம் இரண்டு மாதம் சண்டை பிடித்துப் பிரிந்திருந்த காலங்களும் உண்டு. இந்த வருத்தம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. முதலில் எனக்குக் கீழே ஒரு சிறு புண் வந்தது. நோவு இல்லை. அடுத்த கிழமை அவனுக்கும் வந்தது.

“யோகன், இது என்னடாப்பா? டொக்டர்ட்ட போவமா?” என்று கேட்டான்.

“போய் என்னெண்டு சொல்லிறது? நானே மருந்து தாறன்.”

கடையில் ஓர் அட்டை எடுத்தேன். ‘ஈரம் பட்டுப் பழுதானது’ என்று எழுதினேன். இரண்டு அட்டை எடுத்திருந்தால் முதலாளி கேட்டிருப்பார். வழக்கம்போலக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினேன். ஐந்து எனக்கு, ஐந்து அவனுக்கு. இரண்டு மூன்று கிழமையில் இருவருக்கும் புண் காய்ந்துவிட்டது. நான் ஒரு டொக்டரைப் போலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த வருத்தத்தின் முதல் புண் மருந்து போடாவிட்டாலும் தானாகக் காயும், கிருமி இரத்தத்துக்குள் இறங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே காலத்தில் நசீருக்குக் கலியாணம் பேசினார்கள். மூதூர்ப் பெண். நாளும் குறித்துவிட்டார்கள். “வாப்பாக்குச் சுகமில்ல, ஏலாதெண்டு சொல்ல ஏலாம இருக்கு” என்றான். நான் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவன் உப்புவெளிக்கு வரவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். என் உள்ளங்கைகளில் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தடிப்புகள் வந்தன. அரிப்பில்லை, நோவில்லை. உள்ளங்காலிலும் அதே. சீப்பில் தலைமயிர் கொத்தாக வந்தது. கடையில் மிச்சக் காசு கொடுக்கும்போது கையைக் கவிழ்த்தே கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஹபரணை வீதியைப் பூட்டினார்கள். மருந்து லொறி வரவில்லை. நித்திரைக் குளிசை டின்னின் அடி தெரிந்தது. நாளுக்கு எட்டு விழுங்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றும் இல்லாமல் போனது. வேர்த்தது, நடுங்கியது, சட்டைப் பொத்தான் போட அக்காவைக் கூப்பிடவேண்டி வந்தது. “நெருப்புக் காய்ச்சலாக்கும்” என்றா அக்கா, டைபோயிட்டை நினைத்து. எனக்கும் அக்காவுக்கும் வீட்டில் வேறு ஆளில்லை. பாலையூற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவ படிப்பித்தா.

டின் முடிந்த எட்டாம் நாள் வேலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. வரிசையில் நின்றேன். அந்தக் காலத்தில் சாவடியில் கை நடுங்கக் கூடாது. நடுங்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. நான் அடையாள அட்டையை நீட்டினேன். அது என் விரல்களுக்கிடையில் படபடத்துக் கீழே விழுந்தது. குனியப் போனேன். “அத உஸ்ஸண்ட!” என்று கத்தினான் ஒருவன். கையை உயர்த்தச் சொல்கிறான் என்று விளங்கியது. துவக்கு என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. கையை உயர்த்தினேனா என்று ஞாபகம் இல்லை. எனக்கு வலிப்பு வந்து தெருவில் விழுந்திருக்கிறேன். துவக்கு நீட்டியவனே ஓர் ஓட்டோவை மறித்து என்னை அதில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினானாம். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது.

விழித்தபோது நாக்கின் ஒரு பக்கம் கடிபட்டு வீங்கியிருந்தது. அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்தா. வாட் நிறைய ஆட்கள், கட்டிலுக்குக் கீழேயும் பாய். எதிர்க் கட்டிலில் இறக்கக்கண்டி மீன்பிடிகாரர் ஒருவர் தொடையில் கட்டோடு கிடந்தார். காயக்காரர்களுக்கு நடுவில், பூட்டிய வீட்டில் வருத்தம் தேடிக்கொண்ட நான் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேனே என்று கூசியது. மலேரியாவா என்று விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மூளைக் காய்ச்சலா என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாம் என்றார்கள். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன், டின் முடிந்ததால் வந்த வலிப்பு என்று. நான் வாயைத் திறக்கவில்லை. முதுகு ஊசியைவிட உண்மை எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை நடுத்தர வயது டொக்டர் அம்மா ஒருவர் வந்தா. நாடி பார்க்கப் போனவ என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தா. பிறகு காலையும் பார்த்தா. அக்காவிடம், “பிள்ளை, இவருக்கு ஒரு பால்தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ” என்றா. அக்கா போனதும் கட்டிலைச் சுற்றிச் சீலை மறைப்பை இழுத்துவிட்டா.

“என்ன குளிசை போடுறனீங்கள்?”

“ஒண்டும் இல்லை.”

“தம்பி, மருந்துக்கடையிலை நிக்கிறனீங்கள் எண்டு ரிக்கற்றிலை எழுதிக் கிடக்கு. நித்திரைக் குளிசையோ?”

தலையை ஆட்டினேன். எத்தனை என்று கேட்டா, எட்டு என்றேன். அவ ஏசவில்லை. பழகிய மூளையிடமிருந்து அதை ஒரேயடியாகப் பறித்தால் மூளை வெருண்டு இப்படித்தான் உடம்பை உதறும் என்றும், மறுபடி அதே மருந்தைத் தந்து கிழமைக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும் என்றும் சொன்னா. முதுகு ஊசி வேண்டாம் என்று எழுதினா. எனக்கு அழுகை வந்தது.

“இனிக் கையிலை கிடக்கிறதைப் பற்றிக் கதைப்பம்” என்றா. “இது சிபிலிஸ். ஆரோடை இருந்தனீங்கள்?”

சிபிலிஸ் என்பது மேகப்புண் என்று ஊரில் சொல்லும் வருத்தம். உடலுறவால் தொற்றும். விட்டால் வருடக் கணக்கில் ஒளிந்திருந்து இருதயத்தையும் மூளையையும் தின்னும். தாய்க்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும். ஆனால் பெனிசிலின் ஊசியை முழுதாகப் போட்டால் போய்விடும். இதையெல்லாம் அவ நிதானமாகச் சொன்னா. நான் ஆயத்தமாக வைத்திருந்த பொய்யைச் சொன்னேன்.

“கொழும்பிலை ஒரு பொம்பிளை. பேர் தெரியாது.”

“அதுக்குப் பிறகு வேறை ஒருத்தரோடையும் இல்லையோ?”

“இல்லை.”

“புண்ணுக்கு என்ன மருந்து போட்டனீங்கள்?”

மருந்தின் பெயரைச் சொன்னேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, ஐந்து குளிசை என்றும் சொன்னேன்.

அவ எழுதுவதை நிறுத்தினா. “ஒரு அட்டையிலை பத்தெல்லோ. கடை முழுக்க மருந்து வைச்சிருக்கிற ஆள் நீங்கள். என்னத்துக்கு அஞ்சோடை நிப்பாட்டினனீங்கள்?”

நான் போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்தேன்.

“மற்ற அஞ்சும் ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

ஏழு வருடம் நான் வெட்டிய வெட்டு என்னைத்தான் காட்டிக்கொடுத்தது. நெஞ்சு அடித்த அடியில் கட்டில் ஆடியது என்றே நினைத்தேன். “ஒரு பெடியன்” என்று என் வாயே சொன்னது. “அவருக்கு இன்னும் பத்தொன்பது நாளிலை கலியாணம்.”

பொலிசைக் கூப்பிடுவா என்று நினைத்தேன். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

“சட்டம் வேறை, வருத்தம் வேறை. இஞ்சை நாங்கள் வருத்தத்துக்கு மட்டும்தான் ஆள். பேர் வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளை கலியாணத்துக்கு முந்தி வரவேணும். வராட்டில் ஒண்டுமறியாத ஒரு பொம்பிளைக்கும் இது போகும், அவவின்ரை வயித்துப் பிள்ளைக்கும் போகும். விளங்குதோ?”

அன்று மாலை முதல் ஊசி. கெட்டியான பெனிசிலின், இரண்டு பக்கப் பிட்டத்திலும். கிழமைக்கு ஒரு முறை, மூன்று கிழமை. இரத்தம் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் போனது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தின்றுவிடும் கிருமி அது என்று எனக்குத் தெரியும். மறுமொழி கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்த நாட்களில் ஒரு இருமல் வந்தாலும் அதுதான் என்று நினைத்தேன். பாலியல் நோய் கிளினிக் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், ஒரு துண்டு கொண்டுவந்தா. பெயர் இல்லை, நம்பர் மட்டும். நடுவால் கிழித்து, பாதியை என் பைலில் குத்தி, மற்றப் பாதியை என்னிடம் தந்தா. அதைக் கொண்டு யார் வந்தாலும் கேள்வி இல்லாமல் மருந்து போடுவார்களாம்.

துண்டு கையில் இருக்கிறது, கொண்டுபோக ஆளில்லை. எனக்குக் கட்டிலை விட்டு இறங்க அனுமதி இல்லை. தபாலில் போட்டால் அவன் உம்மா பிரிப்பா. வீட்டுக்குச் சுகாதாரப் பரிசோதகரை அனுப்பலாமா என்று மிஸ்ஸி கேட்டா. ஊரே கூடிவிடும், வேண்டாம் என்று கும்பிட்டேன்.

அக்கா தினமும் இடியப்பத்தை உறைப்பில்லாத சொதியில் ஊறவைத்து, என் புண்பட்ட நாக்குக்காகக் கையால் மசித்துக் கொண்டுவருவா. பார்க்க வருகிறவர்களிடம், “நெருப்புக் காய்ச்சல், கடுமையாய்ப் போட்டுது” என்று நான் சொல்லாமலே சொல்லிவிடுவா. அவவிடம் எப்படிக் கேட்பது? இரண்டு நாள் தொண்டைக்குள் வைத்திருந்தேன்.

“அக்கா, நசீரின்ரை வாப்பாவுக்கு ஒரு மருந்துத் துண்டு. ஒருக்காக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறியளோ?”

அக்கா துண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா. “வாப்பாவுக்கோ, நசீருக்கோ?”

“நசீரின்ரை கையிலை குடுங்கோ.”

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனா. இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவ இரண்டரைக்கும் வரவில்லை. மூன்று மணிக்குத் தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கிண்ணியாப் பக்கம்தான், இனிப் பாதையை நிப்பாட்டிவிடுவார்கள் என்று மீன்பிடிகாரர் சொன்னார். என் அசிங்கத்தை மறைக்க அக்காவைத் துவக்குகளுக்கு நடுவில் அனுப்பிவிட்டேனே. அவவுக்கு ஏதும் நடந்தால் எந்த ஊசி என்னைச் சுகப்படுத்தும்? வாட் மிஸ்ஸி வந்து நாடி பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இப்பிடி அடிக்குது?” என்றா. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முந்தி அக்கா வந்தா. சாரியின் கரை ஈரம், காலெல்லாம் மண். தண்ணீர் குடித்தா.

“கடைசிப் பாதையிலை வந்தனான். குடுத்தனான்.”

“நசீரின்ரை கையிலையோ?”

“ஓம். தாய் கேட்டவ. மருந்துக் கணக்கு எண்டு சொன்னனான். அவர் வாங்கிச் சட்டைப் பையிலை வைச்சவர்.” பிறகு மெதுவாக, “முற்றத்திலை பந்தலுக்குத் தடி இறக்கிக் கிடக்கு” என்றா. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இடியப்பத்தை மசிக்கத் தொடங்கினா. அவவுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அதைப் பற்றி நாங்கள் அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையில் மிஞ்சியதை அவ அதே கரண்டியால் வழித்துச் சாப்பிட்டா.

பாதை ஆறு நாள் ஓடவில்லை. என்னை வீட்டுக்கு விட்டார்கள். இரண்டாம் ஊசிக்குக் கிளினிக் போனபோது, “துண்டு வந்ததோ மிஸ்ஸி?” என்று கேட்டேன். “ஒராளின்ரை கதை மற்ற ஆளுக்குச் சொல்லுறேல்லை தம்பி” என்றா. மூன்றாம் ஊசிக்கும் அதே பதில். சொல்லாத வாயை எப்படி வாசிப்பது? வந்திருந்தால் கண்ணாவது சிரித்திருக்குமே என்று நினைத்தேன். கலியாண நாள் வந்தது. அன்று முழுவதும் கடையில் எண்ணி எண்ணிப் பிழை விட்டேன். மூதூர்ப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் முகமில்லாத ஒருத்தி மருதாணிக் கையோடு என் முன்னால் நின்றுகொண்டே இருந்தா. நசீர் கடைக்கு வருவதே இல்லை. பிரஷர் மருந்தை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று மறுமொழி வந்த நாளில்கூட என்னால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. நித்திரைக் குளிசை அப்போது இரவுக்கு அரையாகக் குறைந்திருந்தது. உள்ளங்கை வெளுத்துச் சுத்தமாகிவிட்டது. மிஸ்ஸி என் பைலை எடுத்தா. கதவைச் சாத்தினா.

“நீங்கள் வந்தால் இதைக் காட்டச் சொல்லி அவர் கேட்டவர். கடைசி ஊசி அண்டைக்குச் சொன்னவர்” என்று பைலை என் பக்கம் திருப்பினா.

துண்டின் இரண்டு பாதிகளும் கிழிந்த ஓரம் பொருந்தக் குத்தியிருந்தன. மற்றப் பாதியில் மிஸ்ஸியின் எழுத்தில் மூன்று திகதிகள். முதல் திகதி கலியாண நாளுக்கு நாலு நாள் முந்தியது. பின்பக்கத்தில் நீலப் பேனையால் நெருக்கி எழுதியிருந்தான்:

“மூண்டும் போட்டாச்சி. இந்த முறை பங்கு இல்ல, முழுசா எடுத்தன். கொப்பளிப்பான் அம்மை எண்டு சொல்லிக் கலியாணத்தப் பெருநாளைக்குப் பொறகு தள்ளிட்டன். அக்காவுக்குச் சலாம் சொல்லு. நீயும் முழுசா எடு.”

சிரித்தேனா அழுதேனா தெரியாது. மிஸ்ஸி தண்ணீர் தந்தா. இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கப் போகும்போது அவ கையை நீட்டினா.

“தாங்கோ தம்பி. அது பைலிலைதான் இருக்கவேணும்.”

நசீர் எனக்கு எழுதிய கடிதம் என்று சொல்ல இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுத்தேன். மிஸ்ஸி பைலை மூடி, நம்பர் பார்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினா.